மூன்றாவது கோணம்
(நில அளவை மேதை வில்லியம் லாம்டன் வரலாறு)

சென்னைக்கு அருகே பரங்கிமலை என்னும் சிறு குன்று உள்ளது. இயேசு பெருமானின் சீடர் புனித தோமையார் மறைசாட்சியாக உயிர் நீத்த இடம் என்று மரபு போற்றும் குன்று அது. அங்கே திருப்பயணம் சென்று, படியேறிச் செபித்து வந்தவர்கள் நம் குடும்பங்களிலும் பலர் இருப்பர்.

அந்தக் குன்றின் அடிவாரத்தில், 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 10 ஆம் நாள் ஒரு வேலை தொடங்கிற்று. எஃகுச் சங்கிலி ஒன்றை நிலத்தின்மேல் நீட்டி நீட்டி அளக்கும் வேலை அது. வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது வீண் வேலையாகவே தோன்றியிருக்கும். ஆனால் அன்று தொடங்கிய அளவைதான் ஆண்டுதோறும் வளர்ந்து, குமரிமுனை முதல் இமயமலை அடிவாரம் வரை சென்று, உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தையும் கண்டு சொல்லிற்று.

அவ்வேலையைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் துணை கொண்டதோ, நம் மாணவியர் நடுநிலைப் பள்ளியிலேயே படித்துவிடும் ஒரு சிறு தேற்றம். இணைகோடு வரையக் கற்கும்போதே அந்தத் தேற்றத்தின் விதை நம் நோட்டுப் புத்தகத்தில் ஊன்றப்பட்டுவிடுகிறது. ஒரு தேற்றத்தை உண்மையாக நம்பிய மனிதர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

இளமையும் படை வாழ்வும்

லாம்டன் 1750களின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாநிலத்தில் நார்தலர்ட்டன் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். பிறந்த ஆண்டு இன்னதென்று உறுதியாகப் பதிவாகவில்லை என்பதே அவர் பிறந்த குடும்பத்தின் எளிமையைக் காட்டும். செல்வமும் செல்வாக்கும் இல்லாத அந்த இளைஞருக்குக் கணிதம் கைகொடுத்தது. 1781 ஆம் ஆண்டு படையில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த காலம் அது. கடல் கடந்து அங்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்த பின்னும் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியிலேயே பல ஆண்டுகள் தங்கினார். புதிதாகக் குடியேறுவோருக்கு நிலம் அளந்து கொடுப்பதும், படைக் குடியிருப்புகளைக் கவனிப்பதும் அவர் பணிகள். எஞ்சிய நேரமெல்லாம் கணித நூல்களோடு கழிந்தது. ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை, பரிசு இல்லை. ஆயினும் படித்துக்கொண்டே இருந்தார்.

நாற்பது வயதைக் கடந்த பிறகே அவர் இந்தியாவிற்கு வந்தார். அவருடைய 33 ஆம் படைப்பிரிவின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்று, வெலிங்டன் பிரபு என்று புகழ்பெற்றவர் அவரே. 1799 ஆம் ஆண்டு மைசூர்ப் போரின்போது ஓர் இரவு நடந்த நிகழ்ச்சி லாம்டனின் திறமையை வெளிக்காட்டிற்று. தளபதி பேர்டு என்பவர் தம் படையை இருளில் நடத்திச் சென்றார். வானத்து விண்மீன்களை நோக்கிய லாம்டன், படை தெற்கே போவதற்குப் பதிலாக வடக்கே, எதிரியின் பாசறையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று எச்சரித்தார். தளபதி முதலில் நம்பவில்லை. திசைகாட்டியை வெளிச்சத்தில் பார்த்தபோது லாம்டன் சொன்னதே சரி என்று தெரிந்தது. விண்மீன் பொய் சொல்லாது; அதை வாசிக்கத் தெரிந்தவனும் தடுமாற மாட்டான்.

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தென்னிந்தியாவைக் கிழக்குக் கடற்கரை முதல் மேற்குக் கடற்கரை வரை முக்கோணங்களால் அளக்க வேண்டும். அத்துடன் பூமியின் உருவத்தையும் கண்டறிய வேண்டும் என்பதே அது. ஆட்சி செய்தவர்களுக்கு நில அளவை என்றால் வரி வாங்கவும் படை நடத்தவும் வழி. லாம்டனுக்கோ அது அறிவைத் தேடும் வழி. நிதிக் குழுவினர் ஒருவர் இத்திட்டத்தை ஏளனம் செய்தாராம். சீரங்கப்பட்டணத்திற்குப் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் போதும், இதற்கு இவ்வளவு செலவா என்பது அவர் வாதம். வெல்லெஸ்லி குடும்பத்தின் ஆதரவால் திட்டம் பிழைத்தது.

நோட்டுப் புத்தகத்துத் தேற்றம்

முக்கோணத்தால் நாட்டை அளப்பது எப்படி? இதை அறிய நாம் சற்று வகுப்பறைக்குள் செல்ல வேண்டும்.

ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். மேல் முனைக்குக் க என்றும், அடிப்பக்கத்தின் இரு முனைகளுக்குச் ச, த என்றும் பெயரிடுங்கள். இப்போது க வழியாக அடிப்பக்கத்திற்கு இணையாக ஒரு கோடு வரைய வேண்டும். கவராயத்தைக் கொண்டு ச முனையில் உள்ள கோணத்தை அப்படியே எடுத்து, க முனையில், க ச என்னும் பக்கத்தின் மறுபுறத்தில் பெயர்த்து வைக்கிறோம். அந்தக் கோட்டை இருபுறமும் நீட்டினால் அது அடிப்பக்கத்திற்கு இணையாக அமைகிறது. ஏன்? இரு கோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால், அவ்விரு கோடுகளும் இணை என்பது தேற்றம். மூலைமட்டத்தை அளவுகோலோடு ஒட்டி நகர்த்தி இணைகோடு வரைகிறோமே, அங்கே வேலை செய்வது ஒத்த கோணங்கள் சமம் என்னும் அதன் உடன்பிறப்பு.

இனி அந்தத் தேற்றத்தின் மறுதலையைப் பாருங்கள். கோடுகள் இணையாக இருந்தால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். ஆகவே க முனையின் வலப்புறத்தில், புதிய கோட்டிற்கும் க த என்னும் பக்கத்திற்கும் இடையே உள்ள கோணம், த முனைக் கோணத்திற்குச் சமம். இப்போது க முனையை உற்று நோக்குங்கள். ச முனைக் கோணத்தின் நகல், க முனைக் கோணம், த முனைக் கோணத்தின் நகல் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டின்மேல் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. நேர்கோட்டின்மேல் அமையும் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. ஆகவே எந்த முக்கோணத்திலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையே.

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தம் நூலின் முதற் பகுதியிலேயே இவற்றை அடுத்தடுத்து வைத்தார். இணைகோடு வரையும் முறை 31 ஆம் முடிவு. முக்கோணத்தின் கோணக் கூட்டுத்தொகை 32 ஆம் முடிவு. இரண்டுக்கும் நடுவே ஓர் அடிதான். இணைகோடு இல்லையேல் 180 இல்லை.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டு அறியலாம். ஆற்றைத் தாண்ட வேண்டியதில்லை. காட்டை வெட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்துவிட்டு, மற்றவற்றைக் கோணங்களால் அறியலாம். கண்டறிந்த பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன் பக்கத்தின்மேல் அதற்கடுத்த முக்கோணம் என்று வலை பின்னுவதுபோல் நாடு முழுவதையும் போர்த்திவிடலாம். தரையில் அளக்கும் அந்த முதற் பக்கத்திற்கு அடிக்கோடு என்று பெயர்.

ஏழரை மைல்

அந்த அடிக்கோடுதான் பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கிப் பெரும்பாக்கம் வரை சென்றது. நீளம் ஏறத்தாழ ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். சங்கிலியின் நீளம் 100 அடி. ஏறக்குறைய 400 முறை அதை மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருந்தது. நாம் பேருந்தில் அரைமணி நேரத்தில் கடக்கும் அத்தூரத்தை அளக்க லாம்டனுக்கு 57 நாட்கள் பிடித்தன.

ஏன் இத்தனை நாட்கள்? சங்கிலியைத் தரையில் எறிந்து இழுக்கவில்லை. முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினர். பெட்டிகள் மட்டமாக இருக்க வேண்டும். ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். தொலைநோக்கியால் பார்த்துப் பார்த்து அவற்றைச் சரிசெய்தனர். பெட்டிக்குள் வெப்பமானிகளும் இருந்தன. ஏப்ரல், மே மாதச் சென்னை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 100 அடி எஃகுச் சங்கிலி சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அது ஒரு பொருட்டா என்று தோன்றும். 400 முறை அளக்கும்போது அதுவே சுமார் 1.4 மீட்டர் பிழையாகப் பெருகிவிடும். சிறு பிழையைச் சிறிது என்று விட்டவன் முடிவில் பெரும் பிழையைச் சுமப்பான். லாம்டன் ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்து, நீளத்தைத் திருத்தி எழுதினார்.

அந்தச் சங்கிலிக்கும் ஒரு வரலாறு உண்டு. சீனப் பேரரசருக்குக் காணிக்கையாக எடுத்துச் சென்ற பொருள்களுள் ஒன்று அது. சீன அரசவை அதை ஏற்காமல் போகவே, இந்தியாவிற்கு வந்து லாம்டன் கைக்குக் கிடைத்தது.

கோணம் அளக்கும் பெருங்கருவியான தியோடலைட்டின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட அக்கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். கோணங்களைக் குறிக்கும் அதன் பெரிய வட்டத்தின் குறுக்களவு மூன்று அடி. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டனர். பெட்டியைத் திறந்து பார்த்த பின்பு, இது போருக்கல்ல, அறிவியலுக்கு என்று உணர்ந்து, மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தனர். இரு நாடுகளும் பகைமை பாராட்டிய காலத்திலும் அறிவுக்குப் பகையில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

மூன்றாவது கோணம்

கருவி வந்த பின் லாம்டன் குன்றுதோறும் ஏறினார். ஒரு குன்றிலிருந்து மற்றொரு குன்றின் உச்சியில் நட்ட கொடியைப் பார்த்துக் கோணம் அளந்தார். மழைக்குப் பின் காற்று தெளிந்த நாட்களுக்காகக் காத்திருந்தார். மலைக்காடுகளில் காய்ச்சல் பலரைப் படுக்கையில் தள்ளிற்று. சிலரை மண்ணிலும் சேர்த்தது. அரை டன் கருவியை மலையுச்சிக்குச் சுமந்தவர்களும், கொடி பிடித்து வெயிலில் நின்றவர்களும், காட்டில் வழி செய்தவர்களும் நம் நாட்டு ஏழை மக்கள். அவர்கள் பெயர்களை ஏடுகள் எழுதி வைக்கவில்லை. லாம்டனின் பெயரைச் சொல்லும்போது அவர்களையும் நன்றியோடு நினைப்பது நம் கடமை. உதவியாளர்களுள் ஜோஷுவா டி பென்னிங் என்பவர் சென்னையிலேயே அளவைத் தொழில் பயின்று வளர்ந்த இளைஞர். சென்னையில் 1794 ஆம் ஆண்டு தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பிற்காலத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

இப்போது நாம் முக்கியமான இடத்திற்கு வருகிறோம். முக்கோணத்தின் இரு கோணங்கள் தெரிந்தால் மூன்றாவதை 180 இலிருந்து கழித்து எழுதிவிடலாமே! 60 பாகை, 70 பாகை என்றால் மூன்றாவது 50 பாகை. ஒரு நொடி வேலை. ஆனால் லாம்டன் மூன்றாவது குன்றுக்கும் கருவியை ஏற்றினார். மூன்றாவது கோணத்தையும் அளந்தார்.

வீண் உழைப்பா? இல்லை. கழித்து எழுதிய கோணம் எப்போதும் சரியாகவே தோன்றும். முதல் இரண்டில் பிழை இருந்தாலும் கூட்டுத்தொகை 180 என்றே வரும். பிழை திரைக்குப் பின் ஒளிந்துகொள்ளும். மூன்றையும் தனித்தனியே அளந்து கூட்டும்போதுதான் உண்மை வெளிப்படும். கூட்டுத்தொகை 180ஐ விட்டு எவ்வளவு விலகுகிறதோ, அதைக் கொண்டு நம் கண்ணும் கருவியும் எவ்வளவு தவறின என்று அறியலாம். தேற்றம் அங்கே விடை கண்டுபிடிக்கும் கருவி மட்டும் அன்று. அளப்பவனைச் சோதிக்கும் நீதிபதி. லஞ்சம் வாங்காத நீதிபதி. முகத்தாட்சணியம் பாராத நீதிபதி.

இதே மனப்பான்மையால் லாம்டன் மற்றொரு சோதனையும் வைத்தார். சென்னை அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுக்கொண்டு சுமார் 160 மைல் மேற்கே, பெங்களூர் வரை வந்தார்கள். அங்கே 1804 ஆம் ஆண்டு புதிய அடிக்கோடு ஒன்றைத் தரையில் நேரடியாக அளந்தார்கள். கணக்கு சொன்ன நீளத்திற்கும் சங்கிலி சொன்ன நீளத்திற்கும் இருந்த வேறுபாடு 3.7 அங்குலம். ஏழு மைல் நீளமுள்ள கோட்டில் ஒரு கையின் அகலமளவு வேறுபாடு! முக்கோணங்கள் மேற்குக் கடற்கரையை எட்டியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே தீபகற்பத்தின் அகலம் பழைய தேசப்படங்கள் காட்டிய 400 மைல் அன்று, 360 மைலே. நாடு 40 மைல் சுருங்கிவிட்டது என்று ஆட்சியாளர்கள் திகைத்தனர். சுருங்கியது நாடன்று, பிழை.

தஞ்சையில் நேர்ந்த சோதனை

1808 ஆம் ஆண்டு. லாம்டன் சோழநாட்டுச் சமவெளியில் அளந்துகொண்டிருந்தார். காவிரிப் பாசனப் பகுதியில் ஏறி நின்று பார்க்கக் குன்றுகள் ஏது? கோயில் கோபுரங்களே குன்றுகளாயின. இராசராச சோழன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின்மேல் தியோடலைட்டை ஏற்றத் தொடங்கினர். பாதி வழியில் கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் மோதிற்று. பெட்டியை மட்டுமன்றிக் கருவியையும் அது தாக்கிற்று. உயிர்நாடியான பெரிய வட்டம் வளைந்து நெளிந்துவிட்டது.

புதிய கருவி இங்கிலாந்திலிருந்து வர ஆண்டுகள் ஆகும். ஐம்பது வயதைக் கடந்த லாம்டன் தம் கூடாரத்திற்குள் சென்று கதவடைத்தாற்போல் இருந்தார். வேலைக்கு வேண்டிய கைவினைஞரைத் தவிர வேறு எவரையும் உள்ளே விடவில்லை. கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். பெரிய மரப்பலகை ஒன்றில், வட்டம் முன்பு எந்த அளவில் இருந்ததோ அந்த அளவிற்கு ஒரு வட்டத்தைச் செதுக்கினார். பின்பு ஆப்புகளாலும் திருகாணிகளாலும் கப்பிகளாலும் வளைந்த உலோகத்தைச் சிறிது சிறிதாக இழுத்து, அந்த வட்டத்தோடு பொருந்தச் செய்தார். ஆறு வாரங்களில் கருவி ஏறக்குறையப் பழைய உருவை அடைந்தது.

ஏறக்குறைய என்ற சொல்லைக் கவனியுங்கள். கையால் நிமிர்த்திய கருவியை நம்பலாமா? இங்கேதான் மூன்றாவது கோணம் மீண்டும் துணைக்கு வருகிறது. மூன்று முனைகளிலும் அளந்து கூட்டினால், கருவி எவ்வளவு நம்பத்தக்கது என்று முக்கோணமே சொல்லிவிடும். இரண்டை அளந்து ஒன்றைக் கழிப்பவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அந்தக் கருவியோடுதான் அவர் குமரிமுனையை நெருங்கினார். அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அளந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் மேலும் நுட்பமான கருவிகள் கிடைத்தபோது தென்னிந்திய அளவைகளை மறுபடியும் செய்தார்கள். 1868 இல் பெங்களூரிலும் 1869 இல் குமரிமுனை அருகிலும் புதிய அடிக்கோடுகள் அளக்கப்பட்டன. அறிவியலில் இது இழுக்கன்று. தம் வேலையைப் பிறர் சரிபார்க்கும்படி திறந்து வைப்பதே அறிவியலின் அறம்.

இணைகோடுகள் சந்திக்கும் இடம்

லாம்டன் கண்ட மற்றொரு புதுமை உண்டு. மிகக் கவனமாக அளந்தாலும் பெரிய முக்கோணங்களின் கோணங்கள் 180 பாகைக்குச் சற்றே கூடுதலாக வர வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். தேற்றம் பொய்யா? இல்லை. தேற்றம் சமதளத்திற்கு உரியது. நாம் வாழும் பூமியோ உருண்டை.

பூமத்திய ரேகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செங்குத்தாக இரண்டு தீர்க்கரேகைகள் வடக்கே செல்கின்றன. ஒரே கோட்டிற்குச் செங்குத்தான இரு கோடுகள் இணை என்று நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் அவ்விரு தீர்க்கரேகைகளும் வடதுருவத்தில் சந்தித்துவிடுகின்றன! அவை பூமத்திய ரேகையோடு ஆக்கும் முக்கோணத்தில் அடியிலேயே இரண்டு செங்கோணங்கள். அதாவது 180 பாகை அங்கேயே தீர்ந்துவிட்டது. துருவத்தில் உள்ள கோணம் அதற்கு மேல் மிகை. உருண்டையின்மேல் ஒருபோதும் சந்திக்காத நேர்வழிகள் இல்லை. இணைகோடு இல்லாத இடத்தில் 180 உம் இல்லை.

லாம்டனின் முக்கோணங்களில் இந்த மிகை மிகச் சிறியது. ஒரு பாகையில் 3,600 விநாடிகள். ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விநாடி மிகை. ஒவ்வொரு பக்கமும் 50 கிலோமீட்டர் உள்ள முக்கோணத்தில் ஐந்தரை விநாடி. ஒரு விநாடிக் கோணம் என்பது, இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை ஐந்து கிலோமீட்டர் தொலைவில் வைத்துப் பார்த்தால் தோன்றும் அகலம். அத்துணைச் சிறிய மிகையையும் அவர் கணக்கில் சேர்த்தார். அதை முதலில் நீக்கிய பிறகே, எஞ்சிய வேறுபாட்டை மனிதப் பிழை என்று ஏற்றார்.

இணைகோடுகளைப் பற்றிய யூக்ளிடின் ஐந்தாம் அடிப்படைக் கூற்றை ஐயத்திற்கு இடமின்றி நிறுவிவிட வேண்டுமென்று அறிஞர் பலர் நூற்றாண்டுக் கணக்கில் முயன்றனர். இத்தாலி நாட்டு இயேசு சபைக் குரு ஜெரோலாமோ சக்கேரி 1733 இல் அதற்கெனவே ஒரு நூல் எழுதினார். அவர் தேடிய நிறுவல் கைகூடவில்லை. ஆனால் அவர் நடந்த தடத்தில், பின்னர் 19 ஆம் நூற்றாண்டில் லோபசெவ்ஸ்கியும் போயாயும் புதிய வடிவியலையே கண்டனர். நேர்மையாகத் தேடியவன் தேடியதைக் காணாவிட்டாலும், அடுத்தவனுக்கு வழி காட்டிச் செல்கிறான்.

இறுதிப் பயணம்

குமரிமுனையை அடைந்த பின் லாம்டன் வடக்கே திரும்பினார். தெற்கு வடக்காக, ஒரு தீர்க்கரேகையை ஒட்டி அவர் பின்னிய முக்கோண வரிசை பெரும் வில் என்று பெயர் பெற்றது. அந்த வில்லின் நீளத்தையும், விண்மீன்களால் அறிந்த அட்சரேகைகளையும் ஒப்பிட்டால், பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்று அறியலாம். 1817 ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1818 ஆம் ஆண்டு அவருடைய பணி மாபெரும் திரிகோணமிதி அளவை என்று பெயர் பெற்று, இந்தியா முழுமைக்கும் உரியதாயிற்று. அதே ஆண்டு ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார்.

எழுபது வயதை எட்டிய போதும் லாம்டன் கூடாரத்தை விட்டு வீட்டிற்குப் போகவில்லை. நாகபுரியை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்தபோது, 1823 ஆம் ஆண்டு சனவரி 20 ஆம் நாள் ஹிங்கன்காட் என்னும் ஊரில் உயிர் நீத்தார். இன்றைய மகாராட்டிர மாநிலத்தில் உள்ள அவ்வூரிலேயே அவர் கல்லறை உள்ளது. அதுவரை அவர் அளந்து முடித்த பரப்பு ஏறத்தாழ 1,65,000 சதுர மைல்.

அவர் விட்ட இடத்திலிருந்து எவரெஸ்ட் தொடர்ந்தார். குமரிமுனை முதல் இமயத்தின் அடிவாரம் வரையிலான பெரும் வில்லின் அளவை 1841 இல் நிறைவு பெற்றது. பின்னர் வங்காளக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் பதினைந்தாம் சிகரம் என்று குறிக்கப்பட்ட மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். 1856 இல் 29,002 அடி என்று அது அறிவிக்கப்பட்டது. 2020 இல் அறிவிக்கப்பட்ட 8,848.86 மீட்டருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்பது மீட்டரே. அச்சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. வழிகாட்டிய லாம்டனின் பெயரையோ, கணக்கிட்ட சிக்தாரின் பெயரையோ அச்சிகரம் தாங்கவில்லை. அடித்தளக் கல் மண்ணுக்குள் இருக்கும். கோபுரக் கலசம்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தாங்குவது எது என்பதை அறிந்தவர் அறிவர்.

நமக்கு ஒரு பயிற்சி

மாணவச் செல்வங்களே! சிறுவாச்சூரில் நின்று மேற்கே நோக்கினால் பச்சைமலைத் தொடர் இருக்கிறது. அதை அளக்க நம்மிடம் அரை டன் கருவி இல்லை. ஆனால் நம் விளையாட்டுத் திடல் போதும். 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடியுங்கள். அதுவே உங்கள் அடிக்கோடு. தொலைவில் ஒரு வேப்பமரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரு முளைகளிலும் நின்று மரத்தை நோக்கும் கோணங்களை அளவுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் தாளில் வரைந்தால், மரம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று நடக்காமலே தெரிந்துவிடும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். மரத்தடிக்கும் போங்கள். அங்கிருந்து இரு முளைகளையும் நோக்கி மூன்றாவது கோணத்தையும் அளவுங்கள். மூன்றையும் கூட்டுங்கள். 180 வந்தால் மகிழுங்கள். 177 வந்தால் வெட்கப்படாதீர்கள். 177 என்றே எழுதுங்கள். இவ்வளவு சிறிய முக்கோணத்தில் பூமியின் உருண்டையைக் காரணம் காட்ட முடியாது. மறுபடியும் அளந்து பாருங்கள். 180 வருவதற்காக எண்ணை மாற்றி எழுதுகிறவள் ஆசிரியையை ஏமாற்றவில்லை. தனக்குக் கிடைத்த நீதிபதியை வாயடைத்துவிடுகிறாள்.

வாழ்க்கையிலும் அப்படித்தான். நம் செயல்களில் இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவதும் சரியாகவே இருக்கும் என்று கழித்து எழுதிவிடுவது எளிது. மனச்சான்று என்னும் மூன்றாவது குன்றின்மேலும் ஏறி நின்று பார்க்கிறவர்களே நம்பத்தக்கவர்கள். பெற்றோரும் ஆசிரியரும் பார்க்காத இடத்திலும் சரியாக அளக்கிற பெண், எந்தப் பொறுப்பை ஏற்றாலும் அதைத் தாங்குவாள்.

இனி மூலைமட்டத்தை அளவுகோலோடு ஒட்டி இணைகோடு வரையும்போது, பரங்கிமலை அடிவாரத்தில் வெயிலில் குனிந்து சங்கிலியைச் சரிபார்த்த அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பென்சில் வரையும் அந்தக் கோடு நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தோடு முடிந்துவிடுவதில்லை.